ஹோல்டால் ஒட்டுப் போட்ட ஜீப்

நவீன், அம்மா எழுதுகிறேன். உன் அப்பா சுகம், நான் சுகம், வாசலில் வேப்ப மரத்தடியில் நிற்கும் உன் ஜீப்பும் சுகம். அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இவ்வளவு பெரிய கடிதம். நீ ஜீப்பை விற்பதற்காகப் பேசி வைத்திருக்கிறாயே, விழுப்புரத்துக்காரர், அவர் இந்நேரம் உனக்குப் போன் செய்திருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படிச் சொல்லும்படி நடந்துகொண்டவள் நான்தான். வண்டி உன் பேரில் இருக்கிறது. நீ சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ இரண்டு சொல்கிறாய், நடுவில் சிக்னல் வேறு போய்விடுகிறது. காகிதத்தில் என்னைக் குறுக்கே மறிக்க ஆளில்லை. படித்து முடித்ததும் உன் பெண்டாட்டி கவிதாவிடம் கொடு. கித்தான் டாப் போட்ட வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, மழையைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறவர்கள் யார் இருந்தாலும் அவர்களிடமும் கொடு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆவணியில் கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இருவரும் கனடாவுக்குக் கிளம்பினீர்கள். ஏர்போர்ட்டில் கவிதா டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நீ என் பக்கத்தில் வந்து, "ம்மா, அப்பாவ மட்டும் வண்டி எடுக்க வுட்டுடாத" என்றாய். நீ சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? ஒன்றிய அலுவலக ஜீப்பை ஓட்டி ஓட்டி, காணை பக்கத்துக் கிராமங்களின் மேடு பள்ளம் அத்தனையையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் மனிதர் அவர். சர்க்கரை அவர் கண்ணில் கைவைத்த பிறகு, பக்கவாட்டில் வருவது எதுவும் தெரிவதில்லை. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார், பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் ஜீப் சாவியை என் கையில் வைத்து, "இத்த நீயே வச்சிக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத" என்றார். அன்றிலிருந்து அது என் இடுப்பில், பீரோ சாவியோடு தொங்குகிறது. ஓட்டத்தான் முடியாதே தவிர, தினம் காலையில் போய் அதைத் துடைப்பார், பானெட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார். நீயும் அவரும் துருப்பிடித்த கூடாக வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கரியும் கிரீஸுமாக அதன் அடியில் கிடந்து ஓட வைத்த வண்டி அல்லவா? அதைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் அவருக்குக் காலைக் காபி இறங்கும்.

மழைக்கு முன்னால் நீ ஒரு யோசனை சொன்னாய். உன் பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதே மாதிரி கித்தான் டாப் ஜீப் இருக்கிறதாம். குளிர்காலம் முழுக்க அதை வெளியிலேயே விட்டுவிடுவாராம். உறை போட்டு அடிவரை இழுத்துக் கட்டிவிடுவாராம். "அதே மாதிரி கட்டிடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றாய். அங்கே கொட்டுவது பனி, இங்கே அடிப்பது மழை, மழை விட்டால் சுள்ளென்று வெயில். இந்த வித்தியாசம் படித்த உனக்கும் தோன்றவில்லை, வண்டியோடு பிறந்த உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. உன் அப்பா வண்டியைக் கழுவி, சந்தனத்தைக் குழைத்து, கித்தான் முழுக்க வட்டம் வட்டமாக அப்பிக் குங்குமம் வைத்தார். கண்ணாடியில் வைத்தால் போதாதா, துணியில் எதற்கு என்று கேட்டேன். "புள்ள ஊர்ல இல்லாத வருசம். ஒரு கொறையும் வெக்கக் கூடாது" என்றார். வாழைக்கன்று கட்டினோம், மாலை போட்டோம், பின் சீட்டில் தட்டு நிறையப் பொரிகடலை வைத்துப் படைத்தோம். மறுநாளே வானம் கறுத்துவிட்டது. உன் சித்தப்பா வீட்டிலிருந்து மல்லாட்டைக் கடலை காயப் போடும் தார்ப்பாயை அவசரமாக வாங்கி வந்தோம். சந்தனத்தின் ஈரம் காயவில்லை. சீட்டில் சிந்திய பொரியைக் கூட்டவில்லை. சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்ற மனசு வரவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, தார்ப்பாயைத் தரைவரை இழுத்து, ஓரமெல்லாம் செங்கல் அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, பெரிய காரியம் முடித்தவர்கள்போல உள்ளே போய் உட்கார்ந்தோம்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. நடுநடுவே வெயிலும் காய்ந்தது. ஒரு நாள் நன்றாக வெளுத்திருந்தபோது கயிற்றை அவிழ்த்தோம். இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல முகத்தில் ஆவி அடித்தது, வாசனைதான் வேறு. சந்தனம் வைத்த இடத்திலெல்லாம், ஒரு வட்டம்கூட விடாமல், பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. பிளாஸ்டிக் ஜன்னல்கள் பால் ஊற்றியதுபோல மங்கிப் போயிருந்தன. மல்லாட்டை வாசனைக்கு வந்த எலிகளுக்கு உள்ளே பொரிகடலை விருந்து கிடைத்திருக்கிறது. பின் சீட்டுப் பஞ்சைப் பிடுங்கிக் குடித்தனம் நடத்தியதோடு நிற்காமல், கூரைக் கித்தானில் கை நுழையும் அளவுக்கு ஓட்டையும் போட்டிருந்தன. உன் அப்பா கண்ணால் பார்த்ததைவிட விரலால் தடவித்தான் அதிகம் தெரிந்துகொண்டார். ஓட்டையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "வுடு. கண்ணும் போச்சு, வண்டியும் போச்சு. வித்துடச் சொல்லு அவன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், அதற்குப் பிறகு வாசலுக்கே வரவில்லை. டிவி போடாமலேயே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், போதும் என்று எழுந்தார். எனக்குப் பயமாக இருந்தது நவீன். கண் போனபோதுகூட இந்தப் பயம் வரவில்லை. நீயும் வீடியோவில் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவே சொல்றாரு, வித்துடலாம்மா, தை பொறந்ததும் ஆள் அனுப்பறேன்" என்றாய். நீங்கள் இருவரும் ஒரே குரலில் பேசினால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். அன்றைக்கும் வந்தது.

எனக்கு ஜீப்பைப் பற்றித் தெரியாது. ஆனால் துணியைப் பற்றித் தெரியும். பட்டுப் புடவையை ஈரத்தோடு மடித்து பீரோவில் வைத்தால் என்ன ஆகுமோ, அதைத்தான் நாம் அந்த வண்டிக்குச் செய்திருக்கிறோம். அதனால் அதைப் புடவை மாதிரியே நடத்துவது என்று முடிவு செய்தேன். கித்தானைக் கம்பியிலிருந்து கழற்றி, வேப்ப மர நிழலில் கொடி கட்டிக் காற்றாட விட்டேன். நன்றாகக் காய்ந்த பிறகு, மெத்தென்ற பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டி உதிர்த்தேன். அவசரப்பட்டு ஒரு மூலையில் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன், அது தப்பு. அடுத்த தூறலில் அந்த மூலையில் மட்டும் தண்ணீர் உள்ளே இறங்கியது. தண்ணீர் ஒட்டாமலிருக்கக் கித்தானில் ஒரு பூச்சு இருக்கிறது, அதை நான் துவைத்துப் போக்கிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். பாழ்பண்ணிய மூலையில் மெழுகுவத்தியைத் தேய்த்து வெயிலில் காட்டினேன், இப்போது ஒழுகவில்லை. ஜன்னல் பிளாஸ்டிக்கைச் சுருட்டக் கூடாது, சுருட்டினால் மடிப்பில் விரிசல் விட்டுவிடும். பழைய வேட்டியை நடுவில் கொடுத்துப் படுக்கை வாட்டில் வைத்தேன். பேட்டரி வயரைக் கழற்றியது, சைலன்சர் வாயில் துணி அடைத்தது, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தது, இவையெல்லாம் உன் அப்பா உள்ளே இருந்தபடி வேண்டாவெறுப்பாகக் குரல் கொடுத்தவை. வேண்டாவெறுப்பாக என்றாலும் குரல் வந்ததே என்று எனக்குள் சந்தோஷம்.

பிறகு அந்த ஓட்டை. சீட்டு தைக்கும் கடையில், இந்தப் பழைய கித்தானுக்குப் புதுத்துணி வைத்துத் தைத்தால் இழுத்துக்கொண்டு கிழியும், இதே மாதிரி பழகிய துணி இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். பரணில் ஏறினேன். எங்கள் கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்த ஹோல்டால் ஒன்று இருந்தது. படுக்கையைச் சுருட்டி ரயிலில் எடுத்துப் போகும் கித்தான் பை, நீ பார்த்திருக்க மாட்டாய். வாங்கிய புதிதில், "காசி போலாம், ராமேஸ்வரம் போலாம்" என்றார் உன் அப்பா. அவருக்கு லீவு கிடைத்தால் எனக்கு அங்கன்வாடியில் லீவு கிடைக்காது, எனக்குக் கிடைத்தால் உனக்குப் பரீட்சை வரும். இப்படியே அது ஒரு ஊருக்கும் போகாமல், பத்திரமாக, பரணிலேயே கிழடாகிவிட்டது. அதை வெட்டக் கொடுத்தேன். ஒட்டுப் போட்ட கூரையைக் கொண்டு வந்து உன் அப்பா மடியில் போட்டேன். தடவிப் பார்த்தவர் நிமிர்ந்து, "ஏண்டி, இது நம்ம ஹோல்டாலு இல்ல?" என்றார். "ஆமாங்க. இப்பவாவது ஊரப் பாக்கட்டும்" என்றேன். அவர் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு அது.

மறுநாள் அவரே வாசலுக்கு வந்தார். தார்ப்பாயை மறுபடி வண்டிமேல் போர்த்த விடவில்லை. மூங்கில் கழி நட்டு, வண்டிக்கு மேலே ஓர் ஆள் கை நீட்டும் இடைவெளி விட்டு, ஒரு பக்கம் சரிவாகப் பந்தல் போல இழுத்துக் கட்டச் சொன்னார். தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓடியது, நாலு பக்கமும் காற்று வந்து போனது. வண்டிக்கு மேலே நேராகப் போர்த்தியது என் பழைய பருத்திப் புடவைகளைச் சேர்த்துத் தைத்த உறைதான். மழை விட்ட நாளெல்லாம் அதை எடுத்து உதறிக் காயப் போடுவேன். மார்கழிப் பனி மழையைவிட மோசம், காலையில் உறை சொதசொதவென்று இருக்கும், வெயில் ஏறியதும் முதல் வேலையாக எடுத்துவிட வேண்டும். கித்தான் நனைந்தால் சுருங்கி இழுக்கும் என்பதால் பட்டைகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும், காய்ந்த பிறகு இறுக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மா, "இன்னாம்மா, ஜீப்புக்குப் பொடவ கட்டி வச்சிக்கிற? எப்ப வளகாப்பு?" என்று கிண்டல் செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும். எலி மறுபடி வரவில்லை, பூசணம் மறுபடி பூக்கவில்லை.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உனக்கும் கவிதாவுக்கும். கல்யாணத்தன்று விழுப்புரம் மண்டபத்திலிருந்து இந்த ஜீப்பில்தான் பெண்ணும் மாப்பிள்ளையுமாகத் திண்டிவனம் வந்தீர்கள். விக்கிரவாண்டி தாண்டும்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. டாப்பைச் சுருட்டி வைத்திருந்தீர்கள். பின்னால் வேனில் வந்த நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கவிதா பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கி, ஒரு பக்கத்துப் பட்டையை இழுத்து மாட்டினாள். நீ மறுபக்கம் மாட்ட முடியாமல் தடுமாறியபோது, அங்கேயும் வந்து அவளே மாட்டினாள். இந்தப் பெண்ணிடம் என் பையனை நம்பி விடலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் போன வாரம் நீங்கள் போனில் பேசியபோது, இரண்டு பேர் குரலிலும் ஏதோ சரியில்லை. என்னவென்று கேட்கமாட்டேன். சண்டை வராத வீடு கிடையாது, நானும் உன் அப்பாவும் போடாத சண்டையா? விருந்தாளி வருகிறார்கள், அம்மா போன் செய்கிறாள் என்று அவசர அவசரமாக அதை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள். அம்மாவைக் காத்திருக்கச் சொல். போட வேண்டியதைப் போட்டு, பேச வேண்டியதைப் பேசி, காய்ந்த பிறகு மடித்து வையுங்கள். கவிதா மேல் தப்பு இருந்தாலும் முதலில் நீ போய்ப் பேசு. மழையில் இறங்கியவள் அவள்தான்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். வண்டியைக் காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் நின்றே கிடந்தால் டயர் ஒரே பக்கம் அமுங்கிவிடும், பேட்டரி இறங்கிவிடும், வாரம் ஒரு தடவையாவது ஓட வேண்டும் என்றார் உன் அப்பா. ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தார், மறுபடி வந்தார், அப்புறம் கல்யாண சீசன் என்று மறைந்துவிட்டார். "இதுக்குத்தான் விக்கச் சொன்னேன். ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு?" என்று உன் அப்பா மறுபடியும் டிவி பக்கம் திரும்பினார். அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை. "நான் ஓட்றேங்க" என்றேன். "பேஜார் பண்ணாதடி" என்றார். நான் அங்கன்வாடிக்கு எத்தனை வருஷம் மொபெட்டில் போய் வந்தேன், ஏரிக்கரையில் லாரிக்கு ஒதுங்கவில்லையா என்று கேட்டேன். "அது கால ஊனினா நின்னுக்கும். இது ஏரிக்குள்ள எறங்கிடும்" என்றார். அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை எதிர்வீடுவரை கேட்டிருக்கும். மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ அங்கிருந்தே பிரேக் போட்டிருப்பாய். ஸ்கூலின் சின்னக் காரில் பழகினேன், லைசென்ஸ் வாங்கினேன், அதற்கப்புறம்தான் ஜீப்பில் ஏறினேன். அது கார் மாதிரி சாது இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்புவது கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல இருந்தது. முதல் நாள் எஞ்சின் நின்று நின்று போனது, பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் ஏதோ சொன்னார், காதில் வாங்கிக்கொள்ளவில்லை. உன் அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பயத்தில் மூடிக்கொண்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர், "இப்ப செகண்டு போடு... அவசரப்படாத... சத்தம் எறங்கட்டும்... ம், இப்ப" என்றார். அவர் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார் நவீன். மேடு வருவதற்கு முன்னால் சொன்னார், முன் சக்கரத்தில் காற்று குறைவதைச் சொன்னார், நான் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதைச் சொல்லித் திட்டினார். அனந்தபுரம் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தோம். மேல்மலையனூருக்கு, அமாவாசைக் கூட்டம் இல்லாத சாதாரண நாளாகப் பார்த்துப் போய் அங்காளம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது ஓரிடத்தில் டீக்கு நிறுத்தினேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் ஓட்டற" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் சமையலுக்குக்கூட அவர் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதற்குள் தை பிறந்துவிட்டது. உன் விழுப்புரத்துக்காரரும் போன் செய்துவிட்டார், வண்டியைப் பார்க்க வேண்டும், கொண்டு வர முடியுமா என்று. நீ ஏற்பாடு செய்த மனிதர், முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லக் கூடாதல்லவா? போனோம். பெரிய ரோட்டில், பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போக, இடது ஓரமாக, என் வேகத்தில் ஓட்டினேன். உன் அப்பா வழியெல்லாம் டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார். விற்கத்தான் போகிறோம் என்று அவர் நினைத்துவிட்டார் என்று தெரிந்தது. அப்படி இல்லை என்று சொல்லலாம் என்றால், அந்த ரோட்டில் பேசிக்கொண்டு ஓட்டும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. விழுப்புரத்துக்காரர் நல்ல மனிதர்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மழைக்காலம் முழுக்க வெளியில் நின்ற வண்டி என்றால் நம்ப முடியவில்லை என்றார். ஒட்டைத் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்றார். பிறகு உன் அப்பாவிடம் திரும்பி, "சொல்லுங்கண்ணே, எப்ப எடுத்துக்கலாம்?" என்றார். உன் அப்பா பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் நான் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, "என்ன எதுக்குக் கேக்கறீங்க? டிரைவரக் கேளுங்க" என்றார்.

அவர் எங்கே டிரைவர் என்று தேடினார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். "மன்னிச்சிக்கோங்க தம்பி, வண்டிக்கு வேல இருக்குது" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன், அவர் உன்னிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. அவருக்கு ஒரு போன் போட்டு நீயும் மன்னிப்புக் கேட்டுக்கொள். விற்கவில்லை என்று உன் வாயால் சொல். அப்பாவை நான் வண்டி எடுக்க விடவில்லை, விடவும் மாட்டேன், அந்த வாக்கு அப்படியே இருக்கிறது. மழைக்கும் பனிக்கும் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொண்டுவிட்டேன், அடுத்த ஐப்பசிக்கு எனக்குப் பயமில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் கண்ணாடியில் மட்டும்தான் என்று உன் அப்பாவும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

சித்திரையில் வருவோம் என்று கவிதா சொன்னாள். வாருங்கள். திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோ பேசாதீர்கள், நாங்கள் வாசலில் நிற்போம். சாவியைக் கொடும்மா என்று கையை நீட்டாதே, அன்றைக்கு நான்தான் ஓட்டுவேன். முன் சீட்டில் ஏறவும் பார்க்காதே, அது உன் அப்பாவுடைய இடம், அவர் இல்லாமல் எனக்கு கியர் விழாது. நீயும் கவிதாவும் பின்னால் உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தால் ஹோல்டால் ஒட்டு தெரியும். அதற்குக் கீழே உட்கார்ந்தவர்களைத்தான் முதலில் ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போவது என்று உன் அப்பா சொல்லிவிட்டார்.

அம்மா